முதலை வாய்ப் பிள்ளை

எங்கள் பிரிவுக்குள் திருநீறு கொண்டுபோகக் கூடாது. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, செருப்பை மாற்றிக்கொண்டுதான் பச்சிளங் குழந்தைகள் இருக்கும் இடத்தில் கால் வைக்க முடியும். அந்த ஆத்தாவுக்கு அது தெரியும். மூன்று நாளாகக் கதவுக்கு வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு முந்தானை முடிச்சை அவிழ்த்து, செய்தித்தாளில் மடித்த பொட்டலத்தை எடுத்து, கதவுக் கண்ணாடியில் மூன்று விரலால் திருநீறு பூசினார். உள்ளே மூன்றாவது வார்மரில், சூடு தரும் படுக்கையில், கிடந்த பேரனின் நெற்றி எங்கே வரும் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, அந்த இடத்துக்கு நேராகப் பூசினார்.

பேரன் 1,100 கிராம். முப்பது வாரத்திலேயே வந்துவிட்டவன். மூக்கில் மூச்சுக்கு அழுத்தம் கொடுக்கும் சி-பாப் குழாய், தொப்புளில் ஒரு குழாய், காலில் ஆக்சிஜன் அளவு காட்டும் சின்னச் சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் பாதம் முழுவதும் சிவப்பாக ஒளிரும். தோல் அவ்வளவு மெல்லிசு.

நான் கதவைத் திறந்து வெளியே வந்தபோது அவர் கேட்டார்: “ஏங் கண்ணு, பொறந்து நாலு நாளுதானே ஆச்சு. அதுக்குள்ள இது என்ன பாவம் பண்ணியிருக்கும்?”

அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் குழந்தைகளோடுதான். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். ஆத்தாவைப் போலக் கேள்வியாகக் கேட்பவர்கள் குறைவு. மற்றவர்கள் பதிலாகவே சொல்லிவிடுவார்கள். போன ஜென்மத்து வினை, தாய் செய்த பாவம், நாகதோஷம், கிரகணத்தன்று வாசலில் நின்றது. பெற்று மூன்று நாள்கூட ஆகாத பெண் தையல் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவாள். அவள் காதுபடவே சொல்வார்கள். அப்படி ஒரு பேச்சுக் கேட்ட பெண் அடுத்த வேளைக்குப் பால் பீச்ச உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மனசு கலங்கினால் பால் இறங்காது. உடம்பின் இயல்பு அது.

அன்றிரவு நான் ஆத்தாவுக்குப் பதில் சொல்லவில்லை. “மணி பன்னண்டு ஆகப்போகுது ஆத்தா. மருமகளை எழுப்பிப் பால் பீச்சச் சொல்லி வாங்கிட்டு வாங்க. அவனுக்கு ரெண்டு மில்லி வேணும்” என்றேன். உடனே எழுந்து போனார். அவ்வளவு பெரிய கேள்வி கேட்டவரை இப்படி வேலை சொல்லி அனுப்பிவிட்டோமே என்று எனக்கு வெகுநாள் உறுத்தல் இருந்தது. அந்த உறுத்தல் எப்படித் தீர்ந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது அவிநாசிக்குப் பக்கத்தில். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலைக் கதை தாய்ப்பாலோடு வந்துவிடும். அவிநாசியப்பர் கோயிலுக்கு முன்னால் நிற்கும் தீபத்தூணில் முதலையும் பிள்ளையும் செதுக்கியிருக்கும். சின்ன வயதில் அந்தக் கல்லைத் தடவிப் பார்க்காமல் நான் உள்ளே போனதில்லை.

சுந்தரர் அந்த ஊர் வீதியில் வருகிறார். எதிரெதிரே இரண்டு வீடு. ஒன்றில் பிள்ளைக்குப் பூணூல் கல்யாணம், மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகுரல். என்னவென்று விசாரிக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் சில ஆண்டுகளுக்கு முன் சேர்ந்து குளிக்கப் போனார்கள், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது, பிழைத்தவனுக்குத்தான் இன்று பூணூல் என்கிறார்கள். இருந்திருந்தால் எதிர் வீட்டிலும் இன்று மேளம் கேட்டிருக்கும். சேக்கிழார் இதைப் பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கத்தில் சொல்கிறார். வந்திருப்பவர் சுந்தரர் என்று தெரிந்ததும் அந்தத் தாய்தந்தை அழுகையை அடக்கிக்கொண்டு முகம் மலர ஓடிவந்து வணங்குகிறார்கள்.

கதை கேட்பவர்கள் எல்லாரும் முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விடும் இடத்தில் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு மருத்துவமனை வேலைக்கு வந்த பிறகு வேறோர் இடத்தில் நெஞ்சடைத்தது. சுந்தரர் அந்தப் பெற்றோரிடம் வினை என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத வினையா? முதலை பிள்ளையை விழுங்கிய மடு எங்கே என்று கேட்கிறார். பிள்ளையை மீட்டுக் கொடுத்த பிறகுதான் அவிநாசியப்பனைக் கும்பிடுவேன் என்கிறார். நேரே அந்த மடுவுக்குப் போய்க் கரையில் நின்று பதிகம் பாடுகிறார். வினைக்கொள்கையை எலும்பில் வைத்திருக்கும் சைவ சமயத்தின் நால்வரில் ஒருவர், பிள்ளை விஷயம் என்று வந்ததும் காரணம் கேட்கவில்லை, இடம் கேட்டார். சாமி கும்பிடுவதைக்கூட இரண்டாவதாக வைத்துக்கொண்டார்.

பெரியபுராணம் முழுவதும் எனக்கு இப்படி ஆறுதல் தருவதில்லை. சிறுத்தொண்டர் கதையை இன்றுவரை என்னால் உட்கார்ந்து முழுசாகக் கேட்க முடிந்ததில்லை. பிள்ளையைக் கறி சமைக்கக் கேட்ட சாமியே பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தான் என்று தெரிந்தும் எழுந்து வந்துவிடுவேன். அவிநாசிக் கதையில் மட்டும் என் வேலைக்கு ஓர் இடம் இருந்தது.

வினை பற்றி முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விடுமுறை நாட்களில் ஒரு பெரியவரிடம் சித்தாந்தம் பாடம் கேட்டேன். வினை மூன்று வகை என்றார். சேர்ந்து கிடக்கும் மூட்டை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கு அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்போது நாம் செய்துகொண்டிருப்பதால் ஏறுவது ஆகாமியம். பாடம் கேட்டுவிட்டு அன்றிரவே பணிக்குப் போனேன். வார்மரில் கிடந்த குழந்தைகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. இவர்களுடைய சஞ்சிதமும் பிராரத்தமும் எனக்குத் தெரியாது. எந்த மானிட்டரிலும் அது வராது. எனக்குத் தெரிந்தது ஆகாமியம் ஒன்றுதான், அதுவும் என்னுடையது. அலாரம் அடித்ததும் எழுந்தேனா, ஒரு குழந்தையைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொட்டேனா, மருந்தின் அளவை இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரிபார்த்தேனா என்பதிலெல்லாம் அது ஏறிக்கொண்டே இருக்கிறது. வினையை மெய்யாகவே நம்புகிறவர், நோயுற்ற குழந்தையின் பக்கத்தில் நிற்கும்போது தன் வினைக்குத்தான் அஞ்ச வேண்டும். குழந்தையின் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. இதை நாத்திகம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் ஒரு நாளும் திருநீறு பூசாமல் வீட்டைவிட்டு இறங்கியவள் இல்லை.

குறைமாதக் குழந்தை சில சமயம் மூச்சு விட மறந்துவிடும். மூளைக்கு இன்னும் அந்தப் பழக்கம் முதிர்ந்திருக்காது. பத்து வினாடி, பதினைந்து வினாடி, நெஞ்சு அசையாது. நிறம் மாறத் தொடங்கும். அப்போது உள்ளங்காலில் விரலால் மெல்லச் சுண்ட வேண்டும், அல்லது முதுகைத் தேய்க்க வேண்டும். பெரும்பாலும் அது போதும். ஒரு விக்கல் போல மூச்சு திரும்பும். ஆத்தாவின் பேரனுக்கு அந்த முதல் வாரத்தில் ஒரே இரவில் ஏழு முறை காலில் சுண்டினேன். ஏழாவது முறை எங்கள் டாக்டர் மேடம் பக்கத்தில் நின்றார். முந்தின நாள் காலை வந்தவர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. சி-பாப் அழுத்தத்தைச் சரிபார்த்து, காஃபின் மருந்தின் அளவைக் கணக்குப் போட்டு என்னிடம் காட்டி, “நீங்களும் ஒருதரம் போட்டுப் பாருங்க சிஸ்டர், எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டுது” என்றார். தனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லத் தெரிந்த மருத்துவரை நான் முழுசாக நம்புவேன்.

இரண்டாம் வாரம் மருமகளுக்குக் காய்ச்சல். பால் சுண்டிவிட்டது. எங்கள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருந்தது. அங்கிருந்து பால் வந்தது. ஊட்டுவது பாலாடையில். பாலாடை என்றால் சங்கு. எங்கள் பாட்டிமார் பித்தளையிலும் வெள்ளியிலும் வைத்திருந்த அதே மூக்குச் சங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்புகளிலும் குழந்தை மருத்துவ ஆய்வுகளிலும் இன்று அது பாலாடை என்ற தமிழ்ப் பெயரிலேயே வருகிறது. உறிஞ்சத் தெரியாத குழந்தையின் கீழுதட்டில் மூக்கை வைத்து, சாய்த்தும் சாய்க்காமலும் ஒரு சொட்டு விட வேண்டும். அது நாக்கை அசைத்து விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அடுத்த சொட்டு. பத்து மில்லிக்கு இருபது நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் பால் மூச்சுக்குழலில் ஏறும்.

அந்தப் பாலைப் பார்த்து ஆத்தா தயங்கினார். “இது யாரு வூட்டுப் பாலு கண்ணு?” என்றார். கொங்கு நாட்டில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். “தெரியாதுங்க ஆத்தா. கொடுத்தவங்க பேரைச் சொல்றதில்லை. ஒரு தாயோட பால்” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பேரனைப் பார்த்தார். “ஊத்துங்க கண்ணு” என்றார். என் வாழ்நாளில் நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாவற்றையும்விட அந்த இரண்டு சொல் பெரிது. சாதியை வினையின் பயன் என்று சொல்லிப் பழகிய ஊர் இது. ஒன்றேகால் கிலோகூட எட்டாத பிள்ளையின் பசிக்கு முன்னால் அந்தச் சாத்திரம் வாயை மூடிக்கொண்டது.

என் அப்பாவைப் பெற்ற ஆத்தா ஒன்பது பெற்று நான்கை வளர்த்தவர். மற்ற ஐந்துக்கும் பெயர் சொல்ல மாட்டார். “போனது” என்பார். பேதியில் போனது, அம்மையில் போனது, பொறந்த மூணாம் நாள் இழுப்பு வந்து போனது. அந்த மூணாம் நாள் இழுப்பு தொப்புள்கொடி வெட்டிய அரிவாளில் இருந்து வந்த ரணஜன்னி என்று நான் படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது. கிசாகோதமியின் கதை எல்லாருக்கும் தெரியும். இறந்த பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்தவளிடம், சாவு விழாத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்றார் புத்தர். அவள் வீடு வீடாகப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். மரணம் எல்லா வீட்டுக்கும் பொது என்ற உண்மை இன்றும் அப்படியே நிற்கிறது, நாளையும் நிற்கும். ஆனால் பிள்ளை சாகாத வீட்டில் கடுகு வாங்கி வா என்று யாராவது என்னை இன்று அனுப்பினால், எங்கள் தெருவிலேயே மடி நிறைய வாங்கி வருவேன். என் ஆத்தா காலத்தில் அது முடிந்திருக்காது. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தொடவில்லை. 2020இல் அது 28. தமிழ்நாட்டில் 13.

எல்லாருக்கும் வரும் மரணத்தையும் பிள்ளைகளின் மரணத்தையும் ஒரே பெயரில் விதி என்று சொல்லி வைத்திருந்தோம். ஒன்று மெய்யாகவே விதி. இன்னொன்று தடுப்பூசி இல்லாத குறை, சுத்தமான கத்தி இல்லாத குறை, ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய உப்பும் சர்க்கரையும் தெரியாத குறை. இந்தப் பிரிவினையைச் செய்து கொடுத்தவர்கள் குழந்தை மருத்துவர்கள். மெய்ஞ்ஞானத்துக்கு அவர்கள் செய்த உபகாரம் இது என்றே சொல்வேன். இதுவரை விதி என்று நாம் சொன்னவற்றில் எது விதி, எது நம் கவனக்குறை என்று பிரித்துக் காட்டுவதைவிடப் பெரிய தத்துவ வேலை என்ன இருக்கிறது?

அந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகளின் முகாமில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் போன்காவ் ஊரில் டாக்டர் திலீப் மஹாலனபிஸ் குழுவினரிடம் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. வாந்தியும் பேதியுமாக மனிதர்கள் தரையில் கிடந்தார்கள். அவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவுக்காரர்களிடம் கோப்பையைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவரும் குழந்தை மருத்துவர்தான். 2022இல் காலமானார், மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். மருந்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, உயிர் காக்கும் வேலையைத் தாய்மார் கையிலும் அண்ணன் தம்பி கையிலும் பிரித்துக் கொடுத்த அந்த மனசு. 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் டாக்டர் எட்கர் ரே செய்ததும் அப்படித்தான். இன்குபேட்டர் போதவில்லை. எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்த்திக் கட்டிவைத்தார். கங்காரு முறை என்று இன்று எல்லா ஊரிலும் செய்வது அது. பிறந்தவுடனேயே அப்படி நெஞ்சில் வைத்தால் சாவு கால்பங்கு குறைகிறது என்று இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து செய்த ஆய்வு 2021இல் சொன்னது. பற்றாக்குறையில் பிறந்த முறை என்பதால் பற்றாக்குறையைப் போற்ற வேண்டியதில்லை. வெப்பமும் ஆக்சிஜனும் வேண்டிய குழந்தைக்கு அவை வேண்டும்தான்.

இனி, எழுதக் கை நடுங்கும் பகுதி.

வேறொரு குழந்தை. பெண் குழந்தை. எங்கோ பிரசவமாகி, நேரம் கடந்து, தொற்று ரத்தத்தில் ஏறிய நிலையில் ஆம்புலன்ஸில் வந்தது. அதன் அப்பா ஒவ்வொரு நாள் காலையும் டாக்டர் மேடம் வரும்போது வாசலில் காத்திருந்து காலைத் தொட்டுக் கும்பிடுவார். “நீங்கதான் எங்க தெய்வம்” என்பார். மேடம் கூச்சத்தோடு நகர்ந்து போவார். ஒன்பதாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு அந்தக் குழந்தை போய்விட்டது. ஆறு மணிக்கு அதே மனிதர் பத்துப் பேரோடு வந்தார். அதே கை மேடத்தின் கோட்டைப் பிடித்து இழுத்தது. ஸ்டெதஸ்கோப் அறுந்தது. கண்ணாடி கீழே விழுந்து யாரோ மிதித்தார்கள். நாங்கள் கதவை உள்பக்கம் தாழிட்டோம். உள்ளே இருந்த குழந்தைகளில் ஒன்றுக்கு அந்த நேரம் பார்த்து அலாரம் அடித்தது. மேடம் கண்ணாடி இல்லாமலே போய்க் காலில் சுண்டினார்.

பிறகு கை கழுவும் தொட்டியில் வெகுநேரம் நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “தெய்வம்னு சொன்ன முதல் நாளே நான் தடுத்திருக்கணும் சிஸ்டர். தெய்வத்துக்கிட்ட யாரும் ‘பிழைக்குமா’ன்னு கேட்கிறதில்லை, ‘பிழைக்க வை’ன்னுதான் கேட்பாங்க” என்றார்.

அவர் போலீசுக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்பது அன்றும் இன்றும் என் கருத்து. மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் சட்டம் இருக்கிறது. அந்த மனிதரின் துக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. துக்கம் கை ஓங்க அனுமதிச் சீட்டு ஆகாது. ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒன்பது நாளில் ஒருவரும் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, குழந்தை பிழைக்காமலும் போகலாம் என்று நிதானமாகப் பத்து நிமிடம் பேசவில்லை. பேச ஆள் இல்லை. இருபதுக்கு மேல் குழந்தைகள் இருந்த இரவுகளில் நாங்கள் இரண்டு செவிலியர். மேடத்துக்கு எங்கள் பிரிவும் பார்க்க வேண்டும், பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டால் ஓடவும் வேண்டும், காலையில் புறநோயாளிகளையும் பார்க்க வேண்டும். வாசலில் ஒரு கும்பிடு, ஒரு தலையசைப்பு, அவ்வளவுக்குத்தான் நேரம். அந்தப் பத்து நிமிடம் எங்களிடம் இல்லாததால், அந்த இடத்தைத் தெய்வம் என்ற சொல் அடைத்துக்கொண்டது.

குழந்தையின் நோய்க்கு வினை என்பதும், மருத்துவரைத் தெய்வம் என்பதும் எனக்கு ஒரே இடத்திலிருந்து வரும் பேச்சாகத் தெரிகிறது. முதலாவதில் பொறுப்பு முழுவதும் குழந்தைமேல். இரண்டாவதில் பொறுப்பு முழுவதும் ஒரு தனி மனுஷிமேல். இரண்டிலும் நடுவே நிற்கும் நாம் தப்பித்துக்கொள்கிறோம். கட்டில் போதாத மருத்துவமனை, நிரப்பாத பணியிடம், நாலு மாதத்தில் ரத்தச்சோகையோடு கரும்புக் காட்டுக்குப் போன கர்ப்பிணி, அவளை மாதாமாதம் பரிசோதனைக்கு அனுப்பாத மாமியார், காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தொக்கம் எடுத்துவிட்டு மூன்று நாள் கழித்துத் தூக்கி வரும் வீடு, இவற்றுக்கெல்லாம் கணக்கே வராமல் போய்விடுகிறது.

நம் மரபில் குழந்தையைப் பற்றிய வேறு பாடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைத்தமிழில் முதல் பருவம் காப்பு. பாட்டுடைத் தலைவராகிய குழந்தையைக் காக்க வேண்டும் என்று தெய்வங்களைக் கூப்பிடும் பருவம். காக்கும் கடவுள் என்பதால் திருமாலை முதலில் அழைப்பது மரபு. குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக வைத்துப் பாடியதிலும் அப்படித்தான். மீனாட்சியே தெய்வம். உலகத்தைக் காப்பவள். ஆனாலும் குழந்தை என்று ஆன பிறகு அவளுக்கும் காவல் வேண்டும், அதுவும் ஒருவர் போதாது, வரிசையாகப் பலர் வர வேண்டும் என்று நம் புலவர்கள் நினைத்தார்கள். தெய்வக் குழந்தைக்கே ஒரு தெய்வம் போதவில்லை என்றால், நாற்பது மணி நேரம் கண் மூடாத ஒரு டாக்டரம்மாவை நம்பி இருபது குழந்தைகளை எப்படி விட்டுவிட்டுத் தூங்குகிறோம்?

ஆத்தாவுக்கு நான் சொல்லாத பதிலைப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது என்ன பாவம் பண்ணியிருக்கும் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் தெரிந்ததாகப் பேசுகிறவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்த வேண்டும். கேட்டவரை உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ரெண்டு மில்லி பால் கொண்டு வந்த நிமிடத்திலிருந்து ஆத்தாவும் காப்புப் பருவத்துக் காவலர்களில் ஒருவராகிவிட்டார். பிறகு அவரையும் கை கழுவ வைத்து உள்ளே அழைத்தோம். மருமகளுக்குக் காய்ச்சல் இருந்த நாட்களில் பேரனைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு சாய்நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தவர் அவர்தான். கண்ணாடியில் பூசிய திருநீற்றை நான் துடைக்கவில்லை. துப்புரவுப் பணி செய்த அக்காவும் அந்த இடத்தை மட்டும் விட்டுத் துடைத்தார்.

ஒரு வருஷம் கழித்துப் பரிசோதனைக்கு அழைத்து வந்தார். பையன் கையை ஊன்றி உட்கார்ந்தான், நிற்கவில்லை. “எதுத்த வூட்டுப் பையன் நடக்கறானுங் கண்ணு, இது ஏன் இப்படி?” என்று கவலைப்பட்டார். குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயது என்று ஒன்று உண்டு, எத்தனை வாரம் முந்தி வந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துக்கொண்டுதான் கணக்குப் பார்க்க வேண்டும், இவனுக்கு இன்னும் பத்து மாதம்கூட ஆகவில்லை என்று மேடம் விளக்கினார். ஆத்தா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எனக்கு அவிநாசிப் பிள்ளை ஞாபகம் வந்தது. முதலை வயிற்றில் கழிந்த ஆண்டுகளுக்கு உரிய வளர்ச்சியோடு அவன் வெளியே வந்தான் என்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படிக் கிடைப்பதில்லை. கழிந்த வாரங்களை அவர்கள் மெல்ல மெல்லத்தான் நடந்து கடக்க வேண்டும். அதற்குக் கண் பரிசோதனை, காது பரிசோதனை, பிசியோதெரபி, மாதாமாதம் பஸ் ஏறி வரும் ஒரு பாட்டி, அவருக்கு ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று சொல்லும் வீடு, இத்தனையும் வேண்டும். பிழைக்க வைத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்த காலம் எனக்கும் இருந்தது. அது தவறு.

ஓய்வு பெற்ற பிறகு கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தெரிந்தவர்கள் கேட்பார்கள், அன்னதானத்துக்கு என்ன கொடுக்கலாம், எந்தப் பரிகாரம் செய்யலாம் என்று. நான் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் எத்தனை மருத்துவர், செவிலியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டு, குறையை உங்கள் எம்.எல்.ஏ.விடம் மனுவாகக் கொடுங்கள். மருத்துவர் “தெரியாது, பார்க்கலாம்” என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், அது நேர்மையான பதில். காலைத் தொடாதீர்கள். கையையும் ஓங்காதீர்கள்.

இன்னொன்று. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கியை மும்பையில் சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் அது இருக்கிறது. கொடுக்கும் தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கி, கிருமி இல்லை என்று பார்த்த பிறகுதான் குழந்தைக்குப் போகும். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் தன் குழந்தை குடித்தது போக மிஞ்சினால் அதைச் சுவரில் பீச்சிவிடச் சொல்லாதீர்கள். அவளை அங்கே அழைத்துப் போங்கள். 1,100 கிராம் குழந்தைக்கு முதல் நாட்களில் ஒரு வேளைக்கு வேண்டியது இரண்டு மில்லி.